சும்மா இருக்க ஓர் ஏரி

மே மாதம் பிறந்துவிட்டால் சாந்தோமில் எங்கள் பேச்செல்லாம் கடற்காற்றைப் பற்றித்தான். "இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கே காத்து வந்துடுச்சு" என்றால் அது நல்ல நாள். மூன்று மணியாகியும் வரவில்லையென்றால் காய்கறிக்காரம்மாவிலிருந்து ஆட்டோக்காரர் வரை எல்லாருக்கும் மூக்கு நுனியில் கோபம். கூப்பிடு தூரத்தில் கடல். ஆனாலும் காற்றுக்கு ஏங்கித் தவிப்போம். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக வீசினால் கடற்காற்று ஊருக்குள் நுழைய நேரமாகும். அக்கினி நட்சத்திரத்தில் பல நாள் இதே கதைதான்.

நான் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போவது எங்கள் வீட்டில் என் மகள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து வழக்கம். திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்: "என்னென்ன பாத்தீங்க டீச்சர்?" ஏரியைப் பார்த்தோம் என்பேன். "அது சரி, அப்புறம்?" அப்புறமும் ஏரிதான் என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கொடைக்கானல் என்றாலே பலருக்கு நினைவில் வருவது வேன் ஏறிப் போகும் ஊர்சுற்றல். தூண் பாறை, குணா குகை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம், ஒரு போட்டோ, ஒரு சோளக்கதிர். சாயங்காலம் தலைவலியோடு அறைக்குத் திரும்புவார்கள். அதற்குப் பெயர் ஓய்வு என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏரிக்கரையில் சில நாள் சும்மா இருப்பதுதான் அந்த ஊர் தரும் மருந்து. அதை விளக்க அந்த ஏரி வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கலெக்டர் தேக்கிய தண்ணீர்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஏரிக்கரை விடுமுறை பெரிய சம்பிரதாயம். அங்கே ஏரிகளைத் தோண்டியவை பனியாறுகள். பனியுகத்தில் மலைச்சரிவில் நகர்ந்த பனிப்பாளங்கள் பள்ளத்தாக்கை ஆழமாக அரித்துவிட்டுப் பின்வாங்கின. அந்தக் குழிகளில் தண்ணீர் நிறைந்தது. அப்படி உண்டான ஜெனீவா ஏரியின் ஆழம் 310 மீட்டர்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலோ, ஊட்டி இருக்கும் நீலகிரியிலோ அந்தப் பனியுகத்தில் பனியாறு ஓடவில்லை. அதனால் நம் மலைகளில் பெரிய ஏரி வேண்டுமென்றால் மனிதர்தான் கரை போட்டாக வேண்டும். ஊட்டி ஏரியை 1820-களில் உண்டாக்கியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். கொடைக்கானலில் அந்த வேலையைச் செய்தவர் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச். 1863-ல் ஒரு சதுப்பு நிலத்தின் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து மிதக்கவிட்டவரும் அவரே. ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்பு, நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் நீண்ட வடிவம். சராசரி ஆழம் 3 மீட்டர்தான். செங்கல்பட்டுப் பக்கம் பார்க்கும் ஏரிக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. இது 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊட்டி அரசாங்கம் ஏறிப்போன மலை. 1870-களிலிருந்து சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்பும் குமாஸ்தாக்களுமாக அங்கே குடிபெயர்ந்தது. கொடைக்கானல் பாதிரிமார் ஏறிப்போன மலை. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845-ல் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். அவர்கள் மலையேறியது பிள்ளைகளைப் பிழைக்கவைக்க. ஆங்கிலேய அதிகாரிகள் ஊர் அமைத்தது அதற்குப் பிறகுதான்.

மோட்டார் போகும் மலைச்சாலை தயாரானது 1914-ஐ ஒட்டித்தான். அதுவரை பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அங்கிருந்து நடை, குதிரை, அல்லது நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிச் செல்வார்கள். ஏரிக்கரையில் நிற்கும் பழைய பங்களாக்களுக்கு இரும்பும் கண்ணாடியும் பியானோவும் போனது அந்தத் தோள்களின் மேல்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சூரியனுக்குக் கிட்டே போனால் ஏன் குளிர்கிறது?

மலைப்பாதையில் வண்டி வளைந்து ஏறும்போது என் பேரன் கேட்டான்: "பாட்டி, மேல போகப் போக சூரியனுக்குக் கிட்டத்தானே போறோம்? அப்புறம் ஏன் குளிருது?"

நல்ல கேள்வி. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதில் நாம் ஏறும் 2 கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. சூரியஒளி முதலில் தரையைச் சூடாக்குகிறது; தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்பும்போது, அங்கே அழுத்தம் குறைவு என்பதால், விரிகிறது. விரியும் காற்று குளிரும். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். சாந்தோமில் 36 டிகிரி அடிக்கும் மதியத்தில் கொடைக்கானலில் 21, 22 இருப்பது இந்தக் கணக்கில்தான்.

குளிர்கிறதே என்று தொப்பி இல்லாமல் படகில் உட்கார்ந்தால் மூக்கு தோலுரியும். மேலே காற்றும் தூசியும் குறைவு. புறஊதாக் கதிர் அதிகமாக வந்து விழும். சமையலறையிலும் உயரத்தின் வேலை தெரியும். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டு நான் பட்ட பாடு போதும். குக்கர் இல்லாமல் சாம்பார் ஆகாது.

தெளிந்த அந்த வானத்துக்காகத்தான் 1899-ல் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வுக்கூடத்தைக் கொடைக்கானல் மலைக்கு மாற்றினார்கள். 1901 முதல் அங்கே சூரியனைக் கவனித்துவருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். உலகமே அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. நுங்கம்பாக்கத்து வெயிலில் வேலை பார்த்த கூடத்துக்கும் மலைக்காற்று தேவைப்பட்டது என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பேன்.

கரையைச் சுற்றி

ஏரியைச் சுற்றிய சாலை 5 கிலோமீட்டர். விடிந்ததும் நடப்பது உத்தமம். இரவில் மலைச்சரிவுக் குளிர்காற்று கீழே இறங்கி ஏரியின் மேல் படியும். தண்ணீரோ பகல் சூட்டில் கொஞ்சத்தைப் பிடித்துவைத்திருக்கும். அந்த வெதுவெதுப்பிலிருந்து எழும் ஈரம் குளிர்காற்றில் பட்டதும் மூடுபனியாகிறது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஏரி முழுக்க ஆவி. வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

எட்டு மணிக்கு மேல் சைக்கிளும் குதிரையும் வந்துவிடும். என் வீட்டுக்காரருக்குத் துடுப்புப் படகு பிடிக்கும். பேரனுக்கு மிதிபடகுதான் வேண்டும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் போக, நான் கரையில் பெஞ்சைப் பிடித்துவிடுவேன். கையில் நாவல், பக்கம் நகராது. பக்கத்து வண்டியில் பிரெட் ஆம்லெட்டின் மணம், மிளகாய்ப்பொடி தடவிய சோளக்கதிர். மே மாதமென்றால் பிளம்ஸ் பழம் கூறுகட்டி விற்பார்கள். புளிப்புக்குப் பயந்தவர்கள் கறுத்துப் பழுத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஊருக்குக் கட்டாயம் எடுத்துவர வேண்டியது மலைப்பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ரசத்தில் இரண்டு பல் தட்டிப் போட்டால் போதும்.

கோடை மழைக்குத் தயாராகப் போங்கள். காலையில் பளிச்சென்று இருக்கும். இரண்டு மணிக்கு மேல் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். அப்போது செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு: போர்வைக்குள் தூக்கம். அந்தத் தூக்கத்துக்காகவே நான் மலையேறுகிறேன் என்றாலும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை சலேத் மாதா கோவிலில் பூசை. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் ஊரில் 1846-ல் ஆடு மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. அடுத்த இருபது ஆண்டுகளில், 1866-ல், அதே மாதா பெயரில் கொடைக்கானலில் கோவில் எழும்பிவிட்டது. எங்கள் சாந்தோம் பேராலயத்தில் கடலிரைச்சலோடு செபித்துப் பழகியவளுக்கு அந்த ஆல்ப்ஸ் மாதாவின் முன் சால்வை போர்த்தி நிற்பது தனி அனுபவம். ஆகஸ்ட் நடுவில் திருவிழா. அப்போது மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் கூட்டம் ஏறிவரும்.

ஏரி தாங்குமா?

கரை போட்டு உண்டாக்கிய ஏரி கவனிக்காவிட்டால் கெட்டுப்போகும். சுற்றியுள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கோடையிலும் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அந்த நிலத்தில் விடுதி எழும்பினால் வரத்துக் குறையும். கூடவே கழிவுநீர் வரும். கழிவு வந்தால் நீர்க்களை செழிக்கும். மூன்று மீட்டர் ஆழமுள்ள ஏரியில் வண்டல் சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஊரில் இயங்கி 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவு விவகாரத்துக்குப் பிறகு, ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். நிரம்பி வழியும் நீர் சும்மா போவதில்லை. மலைப்பாதையில் நாம் இறங்கி நின்று பார்க்கும் வெள்ளி அருவி, இந்த ஏரி வழிந்து 180 அடி விழுவதுதான். மேலே கலப்பது கீழே வந்தே தீரும்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாங்கள் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடிவதற்குள் கொடை ரோட்டில் இறங்குவோம். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைக்கு 80 கிலோமீட்டர். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே பாதி விடுமுறை. வளைவில் குமட்டுகிறவர்கள் வயிற்றைக் காலியாகவும் வைக்க வேண்டாம், பொங்கல் வடையும் வேண்டாம். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்துச் சனி ஞாயிறை விட்டுவிடுங்கள். வார நாளில் போங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்தால் செப்டம்பர் இன்னும் நல்லது. ஏரிக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள்; வண்டி வேண்டியிருக்காது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். பிறகு அந்தப் பாதியையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஏரியைச் சுற்றி நடப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. நடந்து பார்த்துவிட்டு, ஓய்வு கிடைத்ததா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.