எங்கள் கோடைப் பிரயாணம்

"ஆறு மாதமாக உம்மைச் சங்கத்துப் பக்கமே காணோமே, வீட்டில் எல்லாரும் சௌக்கியந்தானா?" என்று பத்திரிகைக்குழு நண்பர் ஒருவர் கடைத்தெருவில் வைத்துக் கேட்டார். சௌக்கியந்தான் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். வாய் சும்மா இராமல் கோடைக் கதையை எடுத்துவிட்டேன். "அதையே நான்கு பக்கம் எழுதிக் கொடும்" என்று கட்டளை பிறந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாவின் எழுத்து இது. குற்றம் குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கரக்பூரில் எனக்கு ரயில்வே பாஸ் பிரிவில் வேலை. ஊரார் பிரயாணத்துக்கெல்லாம் அனுமதிச் சீட்டு தயார் செய்வது என் தொழில். 2020-இல் எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு பேனா ஓய்ந்தது, வேலை ஓயவில்லை. இப்படி ஊரையெல்லாம் ஊருக்கு அனுப்பிவைக்கும் நான், என் குடும்பத்தோடு தமிழ்நாடு போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சமையற்காரன் பட்டினி என்பது இதுதான்.

காரணம் சோம்பல் அன்று. 2023 ஜூன் மாதம் புறப்படுவதற்குப் பாஸும் படுக்கைச் சீட்டுகளும் தயாராக இருந்தன. அந்த ஜூன் 2-ஆம் தேதி மாலை நம்மூர் வழியாகச் சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ், இரண்டு மணி நேரத்துக்குள் பாலசோரை அடுத்த பஹானகா பஜாரில் விபத்துக்குள்ளானதை நம் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றிரவு முழுவதும், உறவினரைத் தேடி வருவோர்க்குத் தகவல் சொல்லும் மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். விடிந்து வீடு திரும்பியபோது என் தாயார் வாசற்படியில் அமர்ந்திருந்தார். "இனி நான் ரயில் ஏற மாட்டேன். நீங்களும் ஏற வேண்டாம்" என்றார். தகப்பன், கணவன், மகன் மூவரும் ரயில்வே உப்பைத் தின்றவர்கள். அந்த வீட்டு அம்மாள் சொன்ன சொல் அது. நான் சீட்டுகளை ரத்து செய்தேன். இரண்டு கோடைகள் அப்படியே கழிந்தன.

அவருடைய மனத்தை மாற்றியது தொலைக்காட்சிச் செய்தி. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. என் தாயார் பிறந்த ஊர் பாம்பனுக்கு இக்கரையிலுள்ள மண்டபம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. செய்தி முடிந்து வெகு நேரம் கழித்து, "பாலம் திறந்துட்டாங்களாமே" என்றார். மறுநாள் சாப்பிடும்போது, "உங்கப்பாவுக்கு ராமேசுவரத்துல ஒரு தடவைகூட திதி கொடுக்கலை" என்றார். அதற்கு மேல் அவரை விளக்கச் சொல்லவில்லை. அன்றே விண்ணப்பம் போட்டேன். விதவைத் தாயாரையும் நம்மைச் சார்ந்தவராகப் பாஸில் சேர்த்துக்கொள்ள ரயில்வே விதி இடம் தருகிறது.

இனி இன்னொரு சிக்கல். என் மனைவி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக பி.ஏ. படித்து வந்தாள். அடுப்படியில் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண்ணாக ஐந்து வருஷப் படிப்பு. கடைசித் தேர்வு ஜூன் மாதத்தில். "இந்தத் தடவை விட்டுவிட்டு டிசம்பரில் எழுதிக்கொள்ளேன், பிரயாணத்தில் எங்கே படிக்கப் போகிறாய்?" என்றேன். அவள் கோபிக்கவில்லை. "டிசம்பரில் வேறு ஏதாவது வரும். நீங்கள் பாஸ் போடுங்கள், நான் புத்தகம் எடுத்து வருகிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

உண்மையை எழுதிவிடுகிறேன். என் தகப்பனார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் கிடைத்த பியூன் வேலையில் சேர்ந்து, பிறகு இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தா ஆனவன் நான். மேலே படிக்க வேண்டுமென்ற ஆசையை மூட்டை கட்டி வைத்தேன். அதே வீட்டில் ஒருத்தி பட்டதாரியாகப் போகிறாள் என்றால் மகிழ்ச்சி இருக்கத்தான் செய்தது. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. டிசம்பரில் எழுதலாமே என்று என்னைச் சொல்ல வைத்தது அதுதானென்பது பிறகுதான் எனக்கே விளங்கிற்று.

மே மாதத்தில் ஒரு மாலை ஐவரும் கரக்பூர் பிளாட்பாரத்தில் நின்றோம். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று நாம் பெருமை பேசிய 1,072.5 மீட்டர் நடைமேடை. 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் நம்மை முந்திவிட்டன. ஆனாலும் நான்கு மூட்டைகளோடு அதன் கோடிக்கு நடப்பவனுக்கு இன்றும் அதுதான் உலகத்திலேயே நீளமானது!

வண்டி புறப்பட்டதும் சின்னவன் மேற்படுக்கையைப் பிடித்துக்கொண்டான், வயது ஏழு. மூத்தவள் பன்னிரண்டு வயதுக்காரி, ஜன்னலோரம். என் மனைவி மூக்குக்கண்ணாடியும் புத்தகமுமாக ஒரு மூலையில். என் தாயார் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்தார். பாலசோர் தாண்டியபோது இருட்டிவிட்டது. பெட்டியில் பேச்சு தானாகக் குறைந்தது. எங்கே வருகிறோம் என்று பலருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சிறிய ஸ்டேஷனின் விளக்குகள் ஓடி மறைந்தன. அப்போது மூத்தவள் எழுந்துவந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து, "தாண்டிட்டோமா?" என்று கேட்டார் தாயார். "தாண்டிட்டோம் அப்பத்தா" என்றாள் பெண். "அந்தப் பிள்ளைகளும் நம்மள மாதிரி கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத்தானே வந்திருக்கும்" என்றார். பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் எல்லோருக்கும் புளியோதரை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை கோதாவரிப் பாலத்தில் காசு போட்டோம். மாலையில் சென்னை. தாம்பரத்தில் மைத்துனர் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையில் வெள்ளைப் புலியைப் பார்த்த சின்னவன், "இதற்கு வயசாகிவிட்டதா?" என்று கேட்டு அங்கிருந்தோரைச் சிரிக்க வைத்தான். பிறகு தாம்பரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் புது வண்டியில் ஏறினோம். புதிய பாலத்தோடு கூடவே தொடங்கப்பட்ட வண்டி அது.

விடியற்காலை நான்கு மணிக்கே என் தாயார் எழுந்து முகம் கழுவி, திருநீறு அணிந்து தயாராகிவிட்டார். மண்டபம் கடந்து வண்டி மெதுவாகக் கடலின்மேல் ஊர்ந்தது. இருபுறமும் வெளிறிய நீர்; தூரத்தில் வள்ளங்கள். புதிய பாலத்தின் நீளம் சுமார் 2.08 கிலோமீட்டர். நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலெழும்பும். "லிஃப்ட்டா அப்பா?" என்றான் சின்னவன். லிஃப்ட்டேதான். 1914-இல் திறந்த பழைய பாலத்திலோ, நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிளந்து இருபுறமும் தூக்கிக்கொள்ளும். ஆட்கள் நின்று கையால் சுழற்றித்தான் அதைத் திறக்க வேண்டும்.

அந்தப் பழைய பாலம் பக்கத்திலேயே தெரிந்தது. பெட்டியிலிருந்த எல்லாரும் புதிய பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, என் தாயார் பழைய பாலத்தைப் பார்த்துக் கைகூப்பினார். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து அங்கே சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது, பாலத்தையும் பெயர்த்தெறிந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது என்பது ரயில்வே சரித்திரம். அந்த 46 நாட்களும் இரும்பு சுமந்த கூலிகளில் ஒருவர் என் தாய்வழிப் பாட்டனார். அவர் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கரையில் தகப்பனாருக்குத் திதி கொடுத்தோம். பிறகு கோவிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடினோம். பத்தாவது கிணற்றுக்கும் பதினோராவது கிணற்றுக்கும் நடுவே சின்னவனைக் காணவில்லை! அந்த நீண்ட பிராகாரத்தில் ஈரத்துணியோடு நான் ஓடிய ஓட்டத்தை இராமநாத சுவாமியே அறிவார். கால் மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு காவலர் அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். "எங்கே தம்பி தங்கியிருக்கீங்க?" என்று கேட்டாராம், "மண்டபம்" என்றானாம் பையன். அவர் பாவம், கோவிலிலுள்ள மண்டபம் மண்டபமாக அவனை அழைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். "இந்த மண்டபமா?" "இல்லை." "அந்த மண்டபமா?" "இல்லை." பையன் சொன்னதிலும் பிழையில்லை, அவர் தேடியதிலும் பிழையில்லை.

பேக்கரும்பிலுள்ள அப்துல் கலாம் நினைவகத்தையும் பார்த்தோம். உலகப் போர்க் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்த சிறுவன் அவர் என்று சொன்னதும், "அப்படியானால் அவரும் ரயில்வேயா?" என்று சின்னவன் திருப்தியடைந்தான். மறுநாள் பேருந்தில் தனுஷ்கோடி. கூரையற்ற தேவாலயமும், இடிந்த ரயில் நிலையச் சுவர்களும் மணலில் நிற்கின்றன. சென்னையிலிருந்து போட் மெயில் இங்கே வந்து, கப்பல் மாறித் தலைமன்னாருக்கு மக்கள் போய்வந்த காலம் ஒன்றிருந்தது என்றால் நம்பக் கடினமாயிருந்தது.

மண்டபத்தில் தாய்மாமன் வீட்டில் பத்து நாள். அவர் டீக்கடை வைத்திருக்கிறார். அங்கேதான் இந்தக் கோடையின் பெரிய நிகழ்ச்சி நடந்தது. ஒரு மாலை மாமா தகரப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய தபால் கார்டு ஒன்றை எடுத்து வந்தார். புயலுக்கு அடுத்த மாதம், பாட்டனார் பரமக்குடியிலிருந்த தம் தமையனாருக்கு எழுதியது. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு வருஷமாகத் தமிழ் படிக்கும் மூத்தவளிடம், "எங்கே, வாசி பார்ப்போம்" என்று கொடுத்தார். அவள் நான்கு சொற்கள் வாசித்தாள், ஐந்தாவதில் நின்றுவிட்டாள். "இது என்ன எழுத்து? எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லையே" என்றாள்.

என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எதையாவது படிக்கச் சொன்னால், கண்ணாடி இல்லை என்று நழுவுகிறவர். அவர் அருகில் வந்து எட்டிப் பார்த்தார். "இது லை தாயி. யானைத் தும்பிக்கை போட்ட லை. நான் பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்து" என்றார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முன்பு லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு அப்படித்தான் வடிவம். விரலால் தரையில் எழுதிக் காட்டினார். பேத்தி அதைப் பார்த்து எழுதினாள். பிறகு இருவரும் சேர்ந்தே வாசித்தார்கள்: "அண்ணனுக்கு நமஸ்காரம். நாங்கள் க்ஷேமம். அலை வடிந்துவிட்டது. பிள்ளைக்கு ஜுரம் இல்லை. பாலத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கவலை வேண்டாம்."

அந்தப் பிள்ளை என் தாயார்தான். அப்போது அவருக்கு இரண்டு வயது. யாரும் பேசவில்லை. மாமா கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றிரவு திண்ணை விளக்கடியில் என் மனைவி படித்துக்கொண்டிருந்தாள். என் தாயார் அவளருகில் போய், "காலைச் சமையல் இனிமே என்னுது. தேர்வு முடியிற வரைக்கும் நீ அடுப்படிப் பக்கம் வராதே தாயி" என்றார். "அத்தை, உங்களுக்கு முடியாதே" என்றாள் அவள். "நான் படிச்ச அஞ்சாங் கிளாஸ் இன்னிக்கு உதவுச்சே. நீ படிக்கிறது எத்தனை பேருக்கு உதவுமோ!" என்றார். சற்றுத் தள்ளிப் பாயில் படுத்திருந்த நான் உறங்கியதுபோல் பாவனை செய்தேன். வெட்கமாக இருந்தது. மறுநாள் முதல், அவள் பாடத்தை ஒப்பிக்க, நான் புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபார்ப்பது என்று ஏற்பட்டது. எனக்கும் கொஞ்சம் இந்திய சரித்திரம் வந்து சேர்ந்தது.

ஜூன் முதல் வாரத்தில் கரக்பூர் திரும்பினோம். திரும்பும்போது பஹானகாவை வண்டி எப்போது கடந்தது என்று என் தாயாருக்குத் தெரியாது. பேத்தியோடு பல்லாங்குழிக் கணக்கில் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்.

மற்றச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. ஒன்று மண்டபத்தில், ஒன்று விஜயவாடாவைத் தாண்டி. மூத்தவள் ஞாயிறு வகுப்பில் பழைய எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி ஆசிரியரிடம் பாராட்டுப் பெற்றாள். என் மனைவி தேர்வுகளை எல்லாம் எழுதி முடித்தாள், முடிவும் வந்தது. தேறிவிட்டாள். நம் வீட்டு முதல் பட்டதாரி!

பிரயாணம் போக எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் முதல், முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பழைய 120 நாள் கணக்கை நம்பியிருக்க வேண்டாம். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் எந்த ஊருக்குப் போக ஆசைப்படுகிறார்கள் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

சென்ற வாரம் என் மனைவி அஞ்சல் வழிக் கல்வி விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "எம்.ஏ.வுக்கா?" என்றேன். "எனக்கில்லை, உங்களுக்கு" என்றாள். இன்னும் பூர்த்தி செய்யவில்லை. ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் சரிபார்க்கிற கைக்கு இந்த ஒன்றில் பெயர் எழுதத் தயக்கமாக இருக்கிறது. பேனாவுக்கு மை போட்டு வைத்திருக்கிறேன்.