இறந்தகாலம் காட்டும் எழுத்துகள்

வினைச்சொல் இறந்தகாலத்தை எவ்வாறு உணர்த்துகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள். முதற்கண் ஒரு பிறமொழியைக் காண்போம்.

ஸ்பானிய மொழியில் ‘ஆப்லார்’ என்பது பேசுதல் என்னும் பொருளுடைய ஒழுங்கான வினை. அதன் ஈற்று ‘ஆர்’ நீங்க, ‘ஆப்லே’ என்பது பேசினேன், ‘ஆப்லாஸ்தே’ பேசினாய், ‘ஆப்லோ’ பேசினான் அல்லது பேசினாள், ‘ஆப்லாரோன்’ பேசினார்கள். ஈற்று ஏகாரம் காலத்தையும் தன்மையிடத்தையும் ஒருங்கே சுமக்கின்றது. அதனைப் பிரித்துக் காட்ட இயலாது. ‘ஆப்லாமோஸ்’ என்பதோ பேசுகிறோம், பேசினோம் என்னும் இரண்டிற்கும் பொது.

தமிழில் அவ்வாறன்று. பேசு, இன், ஏன் என மூன்றாகப் பிரித்தால் தொழில், காலம், இடம் தனித்தனியே நிற்கும். பவணந்தி முனிவரின் நன்னூல் த், ட், ற் என்னும் ஒற்றுகளையும் ‘இன்’ என்பதையும் இறந்தகால இடைநிலைகள் என்று கூறும். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்பவற்றில் அவற்றை முறையே காணலாம்.

எந்த வினை எந்த இடைநிலையைப் பெறும்? அயலார் இடர்ப்படுவது இங்கேதான். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த போர்த்துக்கேயரான அண்டிரிக் அடிகளார், தமிழுக்குத் தம் மொழியில் இலக்கணம் எழுதியபோது, இலத்தீன் முறையைத் துணைக்கொண்டு நம் வினைகளை வகைப்படுத்த முயன்றார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் வினைச்சொல்லின் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அவ்வினை எவ்வகையைச் சார்ந்தது என்பதற்கு அதுவே குறிப்பு. படிதல் என்பதற்கு 4, படித்தல் என்பதற்கு 11.

இவ்விரண்டையும் சற்று நின்று நோக்குங்கள். வண்டல் படிந்தது, மாணவன் நூலைப் படித்தான். பகுதி இரண்டிலும் ‘படி’யே, காலங்காட்டும் தகரமும் ஒன்றே. அதற்கு முன் நிற்கும் சந்தி மட்டும் ஓரிடத்தில் நகரமாகத் திரிந்தது. மற்றோரிடத்தில் தகரமாகவே நின்றது. உடைந்தது, உடைத்தான், அழிந்தது, அழித்தான், கலைந்தது, கலைத்தான் என இத்தகைய இணைகள் பல. தன்வினை, பிறவினை என்று இலக்கணம் இவற்றைப் பிரிக்கும்.

பள்ளியில் பலகை உடைந்தால் “உடைந்துவிட்டது, ஐயா” என்றே மாணவர் கூறுவர். “உடைத்துவிட்டேன்” என்று சொன்னவரை நான் அரிதாகவே கண்டேன்! மெல்லின நகரம் ஒருவனை எவ்வளவு எளிதாக மறைத்துவிடுகின்றது! ‘காடு அழிந்தது’ என்று படிக்கும்போதும், ‘அழித்தவர் யார்?’ என்று வினவப் பழகுங்கள்.

இதனை முற்றும் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. சிரித்தான் என்பதில் தகரம் இரட்டித்தும் செயப்படுபொருள் இல்லை. அறிந்தான் என்பதில் நகரம் வந்தும் செயப்படுபொருள் உண்டு. எங்கள் தீர்த்தமலையில், பூசைக்கு நீர் வேண்டி இராமபிரான் அம்பு எய்ய மலையில் நீர் பெருகியது என்பது தலவரலாறு. அதனைச் சொல்லுங்கால் ‘பாறை பிளந்தது’ எனலாம்; ‘இராமபிரான் பாறையைப் பிளந்தார்’ எனவும் கூறலாம். இரண்டிலும் நகரமே வருகின்றது. ‘பாறையை’ என்பதில் உள்ள இரண்டாம் வேற்றுமை உருபைக் கொண்டுதான், பிளவுண்டது பாறை, பிளந்தவர் வேறொருவர் என்று அறிகின்றோம்.