ஈரப்பதம் மிக்க நகரங்களின் பழைய வீடுகள்: ஏசி காற்றுக் குழாய்களைத் தூய்மை செய்வது எப்போது அவசியம்?

மும்பை: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற நகரங்களின் பழைய குடியிருப்புகளில் ஏசி-யை இயக்கியவுடன் ஒருவித மக்கல் வாடை வீசுவது வழக்கமான புகாராக உள்ளது. காற்று வரும் கம்பித் தட்டியைச் சுற்றிக் கரும்புள்ளிகள், கூரையில் நீர்க்கறை, இரவில் மட்டும் தொடரும் இருமல் ஆகியவையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய வீடுகளைக் குறிவைத்து, 'ஏசி காற்றுக் குழாய்களைத் தூய்மை செய்தால் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் நீங்கும்' என்ற விளம்பரங்கள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன.

இந்தப் பணி உண்மையில் எந்த வீட்டுக்குத் தேவை, எந்த வீட்டுக்குத் தேவையில்லை, பணம் கொடுத்துச் செய்தபின் ஓரிரு மாதங்களில் பூஞ்சை ஏன் திரும்பி வருகிறது என்பன பலருக்கும் விளங்காத கேள்விகளாக உள்ளன. அவற்றுக்கான விளக்கம் வருமாறு.

முதலில் பார்க்க வேண்டியது: வீட்டில் காற்றுக் குழாய் இருக்கிறதா?

இந்திய வீடுகளில் பெரும்பாலும் பயன்பாட்டில் இருப்பவை ஸ்பிலிட் ஏசி, விண்டோ ஏசி ஆகியவையே. இவற்றில் காற்றுக் குழாய் கிடையாது. அறையில் உள்ள காற்றையே உறிஞ்சி, குளிர்ந்த உலோகச் சுருளின் வழியே செலுத்தி, அதே அறைக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஸ்பிலிட் ஏசி-யில் அறைக்கும் வெளிப்புறக் கருவிக்கும் இடையே செல்லும் செப்புக் குழாய், குளிர்பதன வாயு செல்வதற்கானது. அதில் காற்று செல்வதில்லை. ஆகவே ஸ்பிலிட் ஏசி மட்டுமே உள்ள வீட்டுக்குக் 'காற்றுக் குழாய்த் தூய்மை' என்ற பெயரில் கட்டணம் கேட்கப்பட்டால், அதற்குப் பொருளே இல்லை.

மறுபுறம், பெரிய அடுக்குமாடி வீடுகள், புதுப்பிக்கப்பட்ட பழைய மாளிகைகள், வீடாகவும் அலுவலகமாகவும் மாறி மாறிப் பயன்பட்ட கட்டடங்கள் ஆகியவற்றில் 'டக்டபிள் ஏசி' பொருத்தப்பட்டிருக்கும். அங்கு ஒரே கருவியிலிருந்து பல அறைகளுக்கு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே செல்லும் தகரக் குழாய்கள் வழியாகக் குளிர்காற்று அனுப்பப்படும். குழாய்த் தூய்மை என்ற கேள்வி இவ்வீடுகளுக்கே பொருந்தும்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

பூஞ்சையின் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளன. அவை வளர உணவும் ஈரமும் தேவை. குழாயில் படியும் தூசியே உணவாகிவிடுகிறது. ஆகவே பூஞ்சை வளருமா, வளராதா என்பதை முடிவு செய்வது ஈரமே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் அதில் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும்.

கடலோர நகரங்களில் இந்த ஈரம் எப்படி உருவாகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வெளியே வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொள்வோம். மும்பையின் ஜூலை மாதத்தில் இது இயல்பான நிலை. அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழ் உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கு நீர்த்துளி படியும். குளிர்காற்றுக் குழாயின் உள்ளே காற்று பொதுவாக 12 முதல் 15 டிகிரியில் செல்கிறது. குழாயைச் சுற்றியுள்ள காப்புறை கிழிந்திருந்தாலோ, இணைப்புகளில் இடைவெளி இருந்தாலோ, குளிர்ந்த தகரத்தின் மீது வெளிக்காற்று பட்டு நீர் வழியத் தொடங்கும். கூரையில் தோன்றும் கறைக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

ஏசி-யின் உள்ளேயும் இதே நிகழ்வு நடக்கிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேலான நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க இயலும். அந்த நீர் வடிதட்டில் சேர்ந்து, வடிகால் குழாய் வழியாக வெளியேற வேண்டும். தட்டின் சரிவு மாறினாலும், குழாயில் பாசி அடைத்தாலும் நீர் தேங்கும். நாள்தோறும் இருளும் ஈரமும் தூசியும் ஒன்றுசேரும் அந்த இடமே பூஞ்சையின் முதல் இருப்பிடம்.

பழைய வீடுகளில் ஏன் அதிகம்?

மும்பை மரைன் டிரைவ் பகுதியின் ஆர்ட் டெகோ கட்டடங்களும், அருகிலுள்ள விக்டோரியன் கோதிக் கட்டடங்களும் 2018-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தக் காலத்துக் குடியிருப்புகளும், கொல்கத்தாவின் மரச்சட்டச் சன்னல்கள் கொண்ட உயர்கூரை வீடுகளும் காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்டவை. எதிரெதிர்ச் சன்னல்கள், பால்கனிகள், உயர்ந்த கூரை ஆகியவை சுவர் உறிஞ்சிய ஈரத்தைக் காற்று கொண்டுசெல்ல வழி செய்தன.

பிற்காலத்தில் ஏசி-க்காகப் பால்கனிகள் கண்ணாடியால் அடைக்கப்பட்டன. உயர்ந்த கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அமைக்கப்பட்டு, அதற்கு மேலே குழாய்கள் செலுத்தப்பட்டன. மொட்டைமாடிக் கசிவும், சுவர் ஈரமும், பழைய கழிவுநீர்க் குழாய்களின் ஒழுக்கும் அந்த மூடிய இடைவெளிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. குழாய் அந்த ஈரத்தின் நடுவே கிடக்கிறது. எலி, பல்லி, புறா ஆகியவை நுழைவதற்கான துளைகளும் பழைய கட்டடங்களில் அதிகம்.

உடல்நலம்: உறுதியானது எது, உறுதியற்றது எது?

உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் கட்டடங்களின் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்துத் தனி வழிகாட்டு நூலை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாசக் கோளாறுகளும் ஆஸ்துமா தீவிரமடைதலும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது என்று அது தெளிவுபடுத்தியது.

இந்தியாவில் நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரைக் கொண்டு, 19 நகரங்களில் 27 மையங்கள் இணைந்து நடத்திய பதிவேட்டு ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 47.3 சதவீதத்தினருக்கு, காற்றில் கலந்த துகள்களால் நுரையீரல் அழற்சியுறும் ஒவ்வாமை நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது. அந்தப் பிரிவினருள் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். கூலரின் புல் அட்டை எந்நேரமும் நனைந்தே இருப்பது இங்கு கவனத்துக்குரியது. கூலர் வைத்திருக்கும் அனைவருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஆனால் நனைந்த பரப்பின் வழியாகக் காற்றைச் செலுத்தும் எந்தக் கருவியையும் தூய்மையாக வைத்திருப்பது அவசியம் என்பதை அந்த ஆய்வு உணர்த்துகிறது.

அதே வேளையில், குழாய்களைத் தூய்மை செய்வதாலேயே நோய் தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. குழாய் வழிக் குளிரூட்டல் மிகப் பரவலாக உள்ள அமெரிக்காவில், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் வழக்கமாகச் செய்வதற்குப் பதிலாக, தேவை எழும்போது மட்டும் செய்வதையே அது பரிந்துரைக்கிறது.

லீஜியோனேர்ஸ் நோயின் பெயரைச் சொல்லி அச்சுறுத்தும் விளம்பரங்களும் உண்டு. 1976-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின் சுமார் 30 பேர் உயிரிழந்தபோது இந்நோய் அறியப்பட்டது. பெரிய கட்டடங்களின் நீர்க் குளிர்விப்புக் கோபுரங்கள் இந்நோய்க் கிருமிகள் பரவும் முக்கிய வழிகளுள் ஒன்று. வீட்டு ஸ்பிலிட் ஏசி-யில் அத்தகைய கோபுரம் இல்லை.

எப்போது தூய்மை செய்ய வேண்டும்?

மூன்று நிலைகளில் தொழில்முறைத் தூய்மை தேவைப்படுகிறது. குழாயின் உட்புறத்திலோ ஏசி-யின் பிற பாகங்களிலோ பூஞ்சை கண்ணுக்குத் தெரிவது முதலாவது. எலி, பூச்சி, பறவை ஆகியவற்றின் எச்சம் குழாய்க்குள் இருப்பது இரண்டாவது. தூசி மிகுதியால் குழாய் அடைபட்டு, கம்பித் தட்டி வழியே துகள்கள் அறைக்குள் விழுவது மூன்றாவது. கட்டுமானப் பணி முடிந்த வீடுகளில் இந்த மூன்றாம் நிலை அடிக்கடி காணப்படும்.

கம்பித் தட்டியின் மீது மெல்லிய தூசி படிவது மட்டும் போதிய காரணம் ஆகாது. அதனைக் கழற்றிக் கழுவினாலே போதும்.

நல்ல பணியின் அடையாளங்கள்

பணியைத் தொடங்கும் முன் குழாய்க்குள் கேமரா செலுத்தி நிலையைக் காட்டுவதும், முடிந்தபின் அதே இடங்களை மீண்டும் காட்டுவதும் முதல் அடையாளம். பூஞ்சை என்று கூறப்படும் கறையை வீட்டுக்காரர் நேரில் பார்க்கும் உரிமை உண்டு.

அடுத்து, குழாய் அமைப்பு முழுவதும் உறிஞ்சுகருவியுடன் இணைக்கப்பட்டு, உள்ளிருக்கும் காற்று வெளிநோக்கி இழுக்கப்பட வேண்டும். அதன் பிறகே தூரிகையாலும் அழுத்தக் காற்றாலும் தூசி பெயர்க்கப்பட வேண்டும். இந்த வரிசை மாறினால் குழாயில் அடங்கியிருந்த தூசி படுக்கையறைக்குள் பரவி, நிலை முன்பைவிட மோசமாகும். உறிஞ்சப்படும் காற்று வீட்டுக்குள்ளேயே விடப்பட்டால், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி கட்டாயம் தேவை.

குளிர்சுருள், விசிறி, வடிதட்டு, வடிகால் குழாய் ஆகியவற்றைத் தொடாமல் குழாயை மட்டும் தூய்மை செய்வது அரைகுறைப் பணியாகும். பூஞ்சை தொடங்கிய இடமே அப்படியே விடப்படுவதால் அது விரைவில் குழாய்க்குத் திரும்பும். உள்ளே செல்வதற்காக வெட்டப்பட்ட திறப்புகள் காற்றுப் புகாதவாறு மூடப்பட்டனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

சில பழைய குழாய்களின் உட்புறத்தில் கண்ணாடியிழைக் காப்பு ஒட்டப்பட்டிருக்கும். அது நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டால் தூய்மை செய்து பயனில்லை. அகற்றிவிட்டுப் புதியது பொருத்துவதே வழி. மிகப் பழைய காப்புறையில் கல்நார் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அதைச் சுரண்டாமலும் உடைக்காமலும் வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

தூசியை அகற்றாமல் கிருமிநாசினிப் புகையை மட்டும் குழாய்க்குள் செலுத்துவது தூய்மை ஆகாது. இறந்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டவல்லது. குழாயில் தெளிக்கப்படும் வேதிப்பொருளை அடுத்த நொடியிலிருந்து வீட்டிலுள்ளோர் சுவாசிக்கின்றனர் என்பதையும் மறக்கலாகாது. ஓசோன் வாயுச் சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படும் சேவையும் அவ்வாறே. ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

சாதாரண ஸ்பிலிட் ஏசி-க்குச் செய்யப்படும் 'வாட்டர் சர்வீஸ்' பயனுள்ளதே. எனினும் கடும் அமிலக் கரைசல் சுருளின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அமிலத்தையும் பிளீச்சிங் கரைசலையும் கலந்தால் நச்சுவாயு உருவாகும்.

தூய்மைக்குப் பின் செய்ய வேண்டியது

ஈரத்தின் மூலத்தை அடைக்காத வீட்டில் எத்தனை முறை தூய்மை செய்தாலும் பூஞ்சை திரும்பும். மொட்டைமாடிக் கசிவைச் சரிசெய்தல், குழாய் இணைப்புகளை அடைத்தல், கிழிந்த காப்புறையை மாற்றுதல், வடிகால் குழாயின் சரிவைச் சீராக்குதல் ஆகியவை தூய்மைப் பணிக்கு முன்போ அதனுடனோ முடிய வேண்டும். செலவுக்கு வரம்பு உள்ள குடும்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், கசிவை அடைப்பதே முதலில் வர வேண்டும்.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது நல்லது. சிறிய ஈரப்பதமானி ஒன்றை அறையில் வைத்தாலே இதை அறியலாம். அறையின் அளவுக்கு மீறிய டன் கொண்ட ஏசி, சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை வெளியேற்ற அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். மழைக்காலத்தில் ஏசி-யின் 'ட்ரை' நிலை உதவும். மிகக் குறைந்த வெப்பநிலையில் வைப்பது குழாயையும் சுவரையும் மேலும் குளிர்வித்து நீர் படியச் செய்யும். இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் அறை ஏசி-கள் 24 டிகிரியை இயல்புநிலையாகக் கொண்டே விற்கப்பட வேண்டும் என்ற விதி மின் சிக்கனத்துக்காக வந்தது. ஈரக் கட்டுப்பாட்டுக்கும் அது துணைபுரிகிறது.

வடிகட்டியை மழைக்காலத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி, முழுவதும் உலர்ந்தபின் பொருத்துவது செலவில்லாத பாதுகாப்பு. வடிகால் குழாயிலிருந்து நீர் சீராகச் சொட்டுகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் அத்தகையதே. ஏசி ஓடியும் வெளியே நீர் வராவிட்டால், அது உள்ளே தேங்குகிறது என்று ஐயுற வேண்டும்.

பணிக்கு முன் செய்யப்போகும் வேலைகள், பயன்படுத்தும் வேதிப்பொருள்கள், மொத்தக் கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. மிகக் குறைந்த கட்டணம் சொல்லி வீட்டுக்குள் வந்து, பின்னர் 'பூஞ்சை நீக்கம்', 'கேஸ் நிரப்புதல்' என்று தொகையைக் கூட்டுவோரிடம் பணியை நிறுத்தச் சொல்லலாம். சேவைக் குறைபாடு குறித்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்க இயலும்.

தொடர் இருமலோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் ஏசி-யைத் தூய்மை செய்துவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். வீட்டில் உள்ள ஈரம், பூஞ்சை, புறா எச்சம், கூலர் பயன்பாடு ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாமல் கூறுவது, நோயின் காரணத்தை அவர் விரைவில் கண்டறிய உதவும்.