செண்டுடுக் பூவின் இருவகைக் கேசரங்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனை வரிசை முடிந்து புதர்க்காடு தொடங்கும் இடங்களில், ஊதாநிறப் பூக்களோடு ஒரு செடி நிற்பதைக் காணலாம். மலாய்க்காரர் அதனைச் செண்டுடுக் என்பர். களையென்று வெட்டி எறியப்படும் இச்செடியின் பூ, தாவர நூலாரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிந்திக்க வைத்த பூவாகும்.

இதன் இலைகள் எதிரெதிராக அமைந்து சொரசொரப்பாக இருக்கும். அடியிலிருந்து நுனிவரை மூன்று அல்லது ஐந்து நரம்புகள் நெடுக ஓடும். குறுக்கு நரம்புகள் ஏணிப்படிபோல் அவற்றை இணைக்கும். நம் சமையலறைப் பிரிஞ்சி இலையிலும் இத்தகைய நீள் நரம்புகள் உண்டு. அவ்வொற்றுமை பெயரிலும் ஏறிவிட்டது. 1753-இல் லின்னேயஸ் இட்ட 'மெலாஸ்டோமா மலபாத்ரிக்கம்' என்னும் பெயரின் பின்பாதி, வடமொழித் 'தமாலபத்திரம்' கிரேக்கர் நாவில் திரிந்த வடிவம். முன்பாதிக்குக் 'கரிய வாய்' என்று பொருள். பழத்தைத் தின்ற சிறுவனின் நாக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆயினும் இலையை மட்டும் நம்புதல் ஆகாது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து பால்மரக் காடுகளில் பரவிய கிளிடேமியாவும் இதே குடும்பம்; நரம்பமைப்பும் ஏறக்குறைய இதுவே. அதன் பூ சிறியது, வெண்மையானது. மகரந்தம் தாங்கும் கேசரங்கள் யாவும் ஒரே வகை. செண்டுடுக் பூவிலோ பத்துக் கேசரங்களுள் ஐந்து குட்டையாய் மஞ்சள் நிறத்தன. மற்ற ஐந்தும் நீண்டு, ஊதாவாய், முழங்கையை மடக்கினாற்போல் வளைந்தவை.

ஒரே பூவுக்கு இருவகைக் கேசரம் எதற்கு? இப்பூவில் தேன் இல்லை. வண்டுக்குக் கிடைப்பது மகரந்தம் ஒன்றே. அதனை முழுதும் வண்டே கொண்டுபோய்விட்டால் வித்து உண்டாவது எங்ஙனம்? 1860-களில் டார்வின் இக்குடும்பத்துச் செடிகளில் பல சோதனைகள் செய்தும் விடை காணாது தவித்தார். 1881-இல் ஹெர்மன் முல்லர் என்னும் ஜெர்மானியர், மஞ்சள் கேசரம் வண்டுக்கு உணவு, மற்றது கருவுறுதலுக்கு என விளக்கினார். மஞ்சள் கூலி, ஊதா வேலை. தோட்டத்தாருக்குப் புரியாத கணக்கன்று.

இதன் மகரந்தப்பை நெடுக வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. மரத்தைக் குடைந்து கூடு செய்யும் பெரிய கருவண்டு, மஞ்சள் கேசரங்களைப் பற்றிக்கொண்டு மார்புத் தசைகளை அதிரச் செய்யும். 'விர்' என்ற ஒலியோடு, மிளகுத்தூள் குப்பியைக் குலுக்கினாற்போல் மகரந்தம் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. வண்டு மஞ்சளிலேயே கருத்தாயிருக்க, அது கவனியாத ஊதாக் கேசரங்கள் தம் மகரந்தத்தை அதன் உடலில் பூசிவிடும்.

2008-இல் வெளியான ஓர் ஆய்வில் இச்செடியின் பூக்களிலேயே இதனைச் சோதித்தனர். மஞ்சள் கேசரங்கள் இருந்தபோது வண்டுகளின் வரவு மிகுந்தது. சூல்முடியை அடையும் வாய்ப்போ, ஊதா மகரந்தத்துக்கு மற்றதைப்போல் இருமடங்குக்கு மேலிருந்தது.

தோட்ட ஓரத்துப் பட்ட மரங்களே கருவண்டுக்கு வீடு. புதரோடு அவற்றையும் எரித்துவிட்டால் இப்பூவைக் குலுக்க ஆளிராது. பூவின் ஆயுளும் ஒரே நாள். காலையில் செடியருகே சற்று நின்றால் அந்த 'விர்' ஒலியைக் காதாலேயே கேட்கலாம்.