ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு? குடல் செல்லின் கதவைத் திறக்கும் உப்பு - இனிப்பு கூட்டணி

ராத்திரி 2 மணி. குற்றவாளி பரோட்டாவா, சால்னாவா என்று தெரியவில்லை. நான்காவது முறையாக பாத்ரூம் போய்வந்தாயிற்று. கால் துவள்கிறது, நாக்கு வறள்கிறது. விடிந்ததும் மெடிக்கல் ஷாப்பில் போய், “அண்ணே, ஓ.ஆர்.எஸ். ஒண்ணு கொடுங்க” என்று கேட்டால், அண்மைக்காலம் வரை பல நேரம் கைக்கு வந்தது ஆரஞ்சுப் பழப் படம் போட்ட டெட்ரா பேக். ஜூஸ் மாதிரி ஜில்லென்று இறங்கும். அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த பொடி பாக்கெட், கண்ணில் படாத ஏதோ ஒரு தட்டில் கிடக்கும்.

2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதற்கு ஒரு கோடு போட்டது. உணவுப் பொருளாக விற்கப்படும் எந்தப் பானமும் தன் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்த உத்தரவு.

“ரெண்டுலயும் சர்க்கரை இருக்கு, உப்பு இருக்கு, தண்ணி இருக்கு. அப்புறம் என்னங்க பெரிய வித்தியாசம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில், மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட தடிமன் இல்லாத ஒரு சவ்வில் இருக்கிறது.

எண்ணெய்ச் சுவரும் ‘பாஸ்’ முறையும்

உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு உண்டு. அடிப்படையில் அது இரண்டு அடுக்குக் கொழுப்பு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அதே விதிதான் இங்கும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சின்ன மூலக்கூறுகள் இந்தச் சுவரில் சும்மா நுழைந்து வெளியேறும். அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகும். ஊதுபத்தி வாசனை பூஜை அறையிலிருந்து ஹாலுக்கு வருவதுபோல. இதுதான் பரவல். செல் இதற்காக ஒரு பைசா ஆற்றல்கூட செலவழிப்பதில்லை. அதனால் ஆற்றல் சாரா கடத்தல் என்று பெயர்.

தண்ணீருக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. உப்போ சர்க்கரையோ அடர்த்தியாக இருக்கும் பக்கத்தை நோக்கித் தண்ணீர் நகரும். நார்த்தங்காயை வெட்டி உப்பு போட்டு வைத்தால், ஜாடியில் ஒரு சொட்டு தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் நீர் விட்டிருக்கிறதே, அதுதான் சவ்வூடு பரவல். இதையே திருப்பிப் போட்டால், தண்ணீரில் ஊறி உப்பும் உலர்திராட்சை. (தண்ணீர் வேகமாகக் கடக்க, பல செல்களில் அதற்கென்றே புரதக் குழாய்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.)

நார்த்தங்காய் ஜாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெட்ரா பேக் விவகாரத்தில் அது திரும்ப வரும்.

சோடியம், குளுக்கோஸ் கதை வேறு. சோடியம் மின்னூட்டம் கொண்டது, குளுக்கோஸ் பெரியது. இரண்டுமே கொழுப்புச் சுவரைத் தாண்ட முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் அவற்றுக்கு வாசல். வாசல் திறந்திருந்தாலும் மேட்டை நோக்கி, அதாவது ஏற்கெனவே அதிகம் இருக்கும் பக்கத்துக்கே ஒரு பொருளைத் தள்ள வேண்டுமென்றால் சும்மா நடக்காது. காசு வைக்க வேண்டும். செல்லின் காசு, ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. இப்படிச் செலவழித்துத் தள்ளுவது, ஆற்றல் சார்ந்த கடத்தல்.

24 மணி நேர மோட்டார்

இந்தத் தள்ளு வேலையில் சூப்பர் ஸ்டார் ஒருவர் உண்டு. சோடியம் - பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957-ல் இதை உலகுக்குச் சொன்னார். நோபல் வந்து சேர 1997 வரை, 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளும், 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அவ்வளவுதான் இதன் வேலை. ஆனால் நிற்காமல் செய்யும். நீங்கள் சோபாவில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த பம்ப்களுக்கே போகிறது.

பலன்? செல்லுக்குள் சோடியம் எப்போதும் தட்டுப்பாடு. வெளியே உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். எனவே, வெளியே இருக்கும் சோடியம் எப்போது வாசல் திறக்கும், உள்ளே பாயலாம் என்று காத்துக்கிடக்கும். மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைத்த மாதிரி. தொட்டி நிரம்பிவிட்டால், அந்தத் தண்ணீர் இறங்குகிற வேகத்தை வைத்து வேறு வேலை வாங்கலாம் இல்லையா? குடல் செல் அதைத்தான் செய்கிறது.

சிறுகுடல் செல்லின், உணவு வரும் பக்கத்துச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு வாசல் புரதம் இருக்கிறது. கொஞ்சம் கறார் பேர்வழி. சோடியம் தனியாக வந்தாலும் உள்ளே விடாது, குளுக்கோஸ் தனியாக வந்தாலும் விடாது. 2 சோடியம், 1 குளுக்கோஸ் ஜோடி சேர்ந்து வந்தால்தான் அனுமதி. சோடியம் பள்ளத்தில் பாயும் வேகத்தில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த இரண்டும் உள்ளே போய்விட்டால், ஊறுகாய் விதிப்படி தண்ணீரும் பின்னாலேயே போகும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் இந்த ஜோடி யோசனையை முன்வைத்தார். ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருப்பது ருசிக்காகவோ, தெம்புக்காகவோ மட்டும் அல்ல. சோடியத்துக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

காலரா திறந்துவிடும் குழாய்

சாதாரண நாளில் சிறுகுடலுக்குள் 8, 9 லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. நாம் குடிப்பது போக, மீதி உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர் என்று உடலே சுரப்பது. கடைசியில் மலத்தில் வெளியேறுவது 100, 200 மில்லி மட்டுமே. மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இந்தக் கணக்கு லேசாகப் பிசகினாலே வயிற்றுப்போக்குதான்.

காலரா கிருமி கணக்கையே கிழித்துப்போட்டுவிடும். அதன் நச்சு, குடல் செல்லின் குளோரைடு வாசலைத் திறந்து, மூட விடாமல் செய்துவிடும். (இந்த நச்சு இருப்பதை 1959-ல் நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. நோபல் தராமல் விட்டார்களே என்று விஞ்ஞானிகள் இன்றும் ஆதங்கப்படும் பெயர்களில் ஒன்று.) குளோரைடு வெளியே கொட்டும், சோடியம் பின்தொடரும், தண்ணீர் அதைப் பின்தொடரும். தீவிர காலராவில் மணிக்கு 1 லிட்டர் வரைகூட வெளியேறலாம். இந்த நேரத்தில் வெறும் தண்ணீர் குடித்தால் பெரிதாகப் பயனில்லை. ஏனென்றால், தண்ணீரை உள்ளே இழுக்கும் சோடியம் அதில் இல்லை.

ஆனால், நச்சு ஒன்றை மட்டும் கெடுப்பதில்லை. அந்தக் கறார் வாசல், எஸ்.ஜி.எல்.டி.1. அது காலராவிலும் வழக்கம்போல வேலை செய்யும். மருத்துவம் நுழைந்தது இந்த ஒரு வாசல் வழியாகத்தான். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் டாக்டர்கள் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, ‘டிரிப்ஸ்’ தேவையை வெகுவாகக் குறைக்க முடியும் என்று காட்டினார்கள்.

நிஜமான பரீட்சை 1971-ல் வந்தது. வங்கதேச விடுதலைப் போர். எல்லையைத் தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். கூடவே காலராவும். பன்கான் மருத்துவமனையில் காலராவுக்கு இருந்தது இரண்டு அறை, 16 படுக்கை. தரையெல்லாம் நோயாளிகள். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கொல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலநாபிஸ், கையில் இருந்ததை வைத்து முடிவெடுத்தார். 1 லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். பொடியாகக் கலந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, கொல்கத்தாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பெரிய டிரம்களில் கரைத்துவைத்து, உறவினர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நர்ஸ் இல்லை, ஊசி இல்லை. முகாம்களில் 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அவர் கவனித்தவர்களில் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022 அக்டோபரில் அவர் காலமானார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகு, 2023-ல்தான் வந்தது.

1980-களில் வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் பாக்கெட்டுக்காகக்கூட காத்திருக்கவில்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று 1 கோடிக்கும் அதிகமான வீடுகளில் ஏறி இறங்கி, தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

அப்போ டெட்ரா பேக்?

இப்போது ஜாடிக்குத் திரும்பலாம். 2002-ல் உலக சுகாதார அமைப்பு திருத்திய ஃபார்முலாவில் 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். கரைசலின் அடர்த்தி 245 அலகு. ரத்தத்தின் அடர்த்தி ஏறத்தாழ 290. ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால், தண்ணீர் குடலிலிருந்து உடலுக்குள் போகிறது. முந்தைய ஃபார்முலாவின் அடர்த்தி 311. அதைக் குறைத்த பிறகு, குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இத்தனை நுணுக்கமான கணக்கு இது.

பழச்சுவை பானங்களில் சர்க்கரை இதைப்போலப் பல மடங்கு இருக்கும், சோடியமோ சொற்பம். வாசலில் ஜோடி சேர சோடியம் போதாது. உள்ளே போக முடியாத சர்க்கரை குடலிலேயே தேங்கும். தேங்கிய சர்க்கரை, நார்த்தங்காயிடம் உப்பு செய்ததைக் குடலிடம் செய்யும். உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். வயிற்றுப்போக்கு நிற்பதற்குப் பதில் கூடும். ஆரோக்கியமான பெரியவர் தப்பித்துவிடுவார். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. உலகில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இன்னும் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், லேபிளில் மூன்று எழுத்துக்கு நடந்த சண்டை ஏன் என்பது புரியும்.

எப்படிக் கலக்குவது?

பாக்கெட்டில் 1 லிட்டர் என்றிருந்தால் 1 லிட்டர், 200 மில்லி என்றிருந்தால் 200 மில்லி. “சின்னப் பிள்ளதானே” என்று பாதிப் பொடியை மட்டும் கண்ணளவில் கொட்டிக் கலக்கக் கூடாது. சர்க்கரை கூடுதலாகப் போடவும் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மீந்ததைக் கொட்டிவிடலாம். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டுமே தலைதட்டி அளக்க வேண்டும்.

குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், சிறுநீர் போகாமல் இருப்பது, கண் குழிவிழுவது, எதையும் குடிக்க முடியாத அளவுக்குச் சோர்வு என்றால் கரைசலோடு நிற்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். குழந்தைகளுக்கு துத்தநாக மாத்திரையும் எழுதித் தருவார்கள். இரண்டாவது நாளே வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும், 14 நாள் கோர்ஸை முடித்தாக வேண்டும்.