சாந்தோம் வரை வந்த வேகம் வரவேற்பறையில் தடுமாறுவது ஏன்?



இஷாத் தொழுகையும் இரவு உணவும் முடிந்து, குடும்பத்தார் ஒன்றுகூடி அமரும் வேளை. துபாயில் நடைபெறும் பேரனின் நிக்காஹ்வை நேரலையில் காண்பதற்காகப் பாட்டியார் ஒருவர் தொலைக்காட்சியின் முன் ஆவலுடன் காத்திருக்கிறார். மணமகன் வாய் திறக்கும் தருணத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. திரையின் நடுவே ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. படம் மீண்டும் வரும்போது, அவர் கேட்க விரும்பிய அந்த ஒரு சொல் கடந்து போயிருக்கிறது.

இந்த ஏமாற்றத்தை அறியாத இல்லங்கள் இன்று குறைவு. இத்தகைய நேரத்தில் நம்மில் பலர் முதலில் செய்வது, இணைய நிறுவனத்தை அழைத்து இன்னும் கூடுதல் வேகமுள்ள திட்டத்திற்கு மாறுவதாகும். மாதக் கட்டணம் உயர்கிறது. சுழலும் வட்டமோ நின்றபாடில்லை. ஆகவே, பணம் செலவழிக்கும் முன் தடை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிவதே அறிவுடைமை. அதற்குப் பொறியியல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும்.

தொட்டியும் குழாயும்

சென்னைவாசிகளுக்கு இதனை விளக்குவது எளிது. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். கீழிருந்து ஏறும் நீர், வீட்டில் செலவாகும் நீரைவிடக் குறைந்தால் தொட்டி வற்றிவிடும். குழாயில் காற்றுதான் வரும். தொலைக்காட்சியும் அவ்வாறே, வரவிருக்கும் சில நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே பெற்றுச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்துபோனால், மீண்டும் நிரம்பும் வரை படம் நிற்கிறது. இதற்குத்தான் 'பஃபரிங்' என்று பெயர். நேரலையில் இந்தச் சேமிப்பு மிகச் சிறியது என்பதால், சிறு தடங்கலும் உடனே திரையில் தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு வேகம் தேவை? முழு எச்.டி. தெளிவிற்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டும், 4கே என்னும் மிகு தெளிவிற்கு 15 முதல் 20 மெகாபிட்டும் போதுமானவை. இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம் 2023ஆம் ஆண்டில் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் அது 512 கிலோபிட்டாகவே இருந்தது. எனினும், இன்று நகரத்து இல்லங்கள் வாங்கும் திட்டங்கள் 30, 50, 100 மெகாபிட் என்னும் அளவில் உள்ளன. ஒரு தொலைக்காட்சிக்கு 5 தேவைப்படும் இடத்தில் 50 வாங்கியும் படம் நிற்கிறதென்றால், குறை அளவில் இல்லை, வழியில் இருக்கிறது.

கடலடியிலிருந்து கூடம் வரை

அந்த வழியைச் சற்று நோக்குவோம். கடலடிக் கண்ணாடியிழை வடங்கள் கரையேறும் நிலையங்கள், மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலேயே இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் வடம் மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. இவ்வளவு தொலைவைக் கடந்து தகவல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து சேர்கிறது. பின்னர் அது தெருக்களின் வழியாக, பல இடங்களில் மாடிக்கு மாடி கட்டப்பட்ட மெல்லிய இழையாக, நம் வீட்டு ரூட்டரை அடைகிறது. ரூட்டரிலிருந்து தொலைக்காட்சி வரையுள்ள கடைசி இருபது முப்பது அடியை அது காற்றில் கடந்தாக வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் தடுமாற்றம் நிகழ்வது இந்தக் கடைசி அடிகளில்தான்.

இயற்கைச் சீற்றத்தின்போது வெளி வழியும் தடைபடுவதுண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கிய பின் பல பகுதிகளில் இணையம் நாட்கணக்கில் நலிவுற்றதை நாம் மறந்திருக்க முடியாது. ஆனால் நாள்தோறும் வரும் தொல்லைக்குப் புயலைக் காரணம் சொல்ல இயலாதன்றோ!

மூன்று சோதனைகள்

கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்தி, வீட்டு வை-ஃபையில் மட்டும் இணையுங்கள். 'ஃபாஸ்ட் டாட் காம்' போன்ற வேகச் சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து, முதலில் ரூட்டருக்கு அருகில் நின்று அளவிடுங்கள். அடுத்துத் தொலைக்காட்சியின் பக்கத்தில் நின்று அளவிடுங்கள். மூன்றாவதாக, இயலுமானால் தொலைக்காட்சியிலேயே அச்சோதனையைச் செய்யுங்கள். மூன்றையும் காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரூட்டருக்கு அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால், குறை பெரும்பாலும் வெளி இணைப்பிலோ ரூட்டரிலோ உள்ளது. காலையில் நன்றாகவும் இரவில் மட்டும் குறைவாகவும் இருந்தால், அந்தப் பகுதியில் ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவதால் நிறுவனத்தின் வழித்தடம் நெரிசலுற்றிருக்கலாம். ரூட்டரருகில் நன்றாக இருந்து, தொலைக்காட்சிப் பக்கம் சரிந்தால் குறை வீட்டுக் காற்றில். இரண்டிடத்திலும் நன்றாக இருந்தும் தொலைக்காட்சியில் மட்டும் குறைந்தால் குறை பெட்டியில். ஒரே ஒரு நிகழ்ச்சி மட்டும் நின்று நின்று வந்து, ஏனையவை தடையின்றி ஓடுமாயின், அனுப்புபவர் பக்கமே பலவீனம். திருமண மண்டபத்து இணையம் மந்தமாக இருந்தால், நம் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை.

காற்றிலும் ஒரு கடைவீதி

வை-ஃபை இரண்டு அலைவரிசைகளில் பெரிதும் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது இந்தியாவில் 2005ஆம் ஆண்டு உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. பின்னதில் 2018ஆம் ஆண்டு தாராளமான இடம் திறந்துவிடப்பட்டது. உரிமம் வேண்டாத பாதை எவருக்கும் தனியுரிமையற்றது. ஆதலால் எல்லோரும் அதில் நடக்கிறோம்.

தியாகராய நகரின் அடுக்குமாடி ஒன்றில் உங்கள் கைப்பேசியின் வை-ஃபை பட்டியலைத் திறந்தால், அண்டை வீட்டாரின் பெயர்களும் வரிசையாகத் தோன்றும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்று மட்டுமே. பண்டிகைக்கால ரங்கநாதன் தெருவைப்போல அங்கே நெரிசல் மிகுகிறது. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. ஆகவே, தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். சில ரூட்டர்களில் அதன் பெயரின் பின்னே '5ஜி' என்றிருக்கும். கைப்பேசியின் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பழைய பெட்டி 2.4ஐ மட்டுமே ஏற்குமாயின், ரூட்டரில் 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட எண்ணைத் தேர்ந்தால் நமக்கும் இடையூறு, அண்டை வீட்டாருக்கும் இடையூறு.

சுவரும் பீரோவும்

5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் சுவர்களைக் கடப்பதில் வலுக்குறைந்தது. மயிலாப்பூரின் பழைய வீடுகளிலுள்ள தடித்த செங்கற் சுவர்களும், அடுக்குமாடிகளின் இரும்புக்கம்பி பொதிந்த கான்கிரீட்டும் அதன் வலுவை உறிஞ்சுகின்றன. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, மீன்தொட்டி ஆகியவையும் தடைகளே. பல இல்லங்களில் ரூட்டர் அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சியின் பின்புறத்திலோ, வாசல் மூலையிலோ ஒளித்து வைக்கப்படுகிறது. அதனைத் திறந்த வெளியில், ஆள் உயரத்தில், வீட்டின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக வையுங்கள். கண்ணாடியிழையை மடித்தோ இழுத்தோ நீங்களே நகர்த்த வேண்டாம்; அது எளிதில் முறியும். நிறுவனத்தாரை அழைத்து இடம் மாற்றச் சொல்லுங்கள்.

கம்பியே சிறந்த மருந்து

தொலைக்காட்சியின் பின்புறம் 'லேன்' என்று குறிக்கப்பட்ட துளை இருக்குமாயின், அதிலிருந்து ரூட்டர் வரை ஒரு வலையமைப்புக் கம்பியை இழுத்துவிடுவதே உறுதியான தீர்வு. 'கேட் 6' என்னும் வகை 100 மீட்டர் வரை பயன்படும். பல பெட்டிகளில் அத்துளையின் வேகம் 100 மெகாபிட் மட்டுமே. அதுவே 4கே படத்திற்குத் தாராளமாகும். ஒருமுறை செய்யும் இச்செலவு, மாதந்தோறும் உயரும் கட்டணத்தைத் தவிர்க்கக்கூடும். அடையாற்றின் நீண்ட தனிவீடுகளைப் போன்ற இடங்களில், கம்பிவழி இணைந்த இரண்டாம் ரூட்டரோ, 'மெஷ்' அமைப்போ ஏற்றது. 'ரிப்பீட்டர்' மலிவானதுதான், எனினும் ஒரே அலைவரிசையில் வாங்கி மீண்டும் அனுப்பும் வகை, வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும்.

குறை பெட்டியில்தான் எனத் தெரிந்தால், மின்னிணைப்பைத் துண்டித்து ஒரு நிமிடம் கழித்து இயக்குங்கள். பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, மென்பொருளைப் புதுப்பியுங்கள். பெட்டியின் பின்னே சொருகும் ஸ்டிக் எனில், சிறிய நீட்டிப்புக் கம்பியால் அதனை வெளியே கொண்டுவாருங்கள். அவசர நேரத்தில் படத்தின் தெளிவை ஒரு படி குறைத்தாலும் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். அந்நேரத்தில் பிள்ளைகளின் கைப்பேசிகளும் கணினியும் பெரிய கோப்புகளை இறக்கிக்கொண்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரூட்டரருகில் வேகம் குறைவாகவே இருந்தால், குறித்துவைத்த தேதி, நேரம், அளவு ஆகியவற்றுடன் நிறுவனத்திடம் முறையிடுங்கள். 'மெதுவாக வருகிறது' என்ற பொதுவான புகாரைவிட, 'ரூட்டருக்கு அருகில் இரவு ஒன்பது மணிக்கு 50க்கு 4 வருகிறது' என்ற குறிப்பைத் தட்டிக்கழிப்பது கடினம்.

வாசகர்களே! வீட்டு முதியவர்களுக்குத் தொலைவிலுள்ள உறவின் முகத்தைக் காட்டுவது இன்று இந்தத் திரைதான். அடுத்த நேரலைக்கு ஒரு நாள் முன்னதாகவே இச்சோதனைகளைச் செய்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், உரிய நேரத்தில் உரிய சொல் அவர்களுடைய செவிகளைச் சென்றடையும்.