நீளுணர்கொம்பு வண்டுகளை இனங்காணல்

இரவில் விளக்கொளியை நாடி வீட்டினுள் வந்து விழும் பெருவண்டு எதனையும் தென்னையின் பகையான காண்டாமிருக வண்டென்றே கொள்வோர் உளர். அவ்வண்டின் கொம்பு தலைமீது நிமிர்ந்த தனியொரு முனை. அதன் உணர்கொம்புகளோ மிகக் குறுகியவை. உடலின் நீளத்துக்கு நிகராகவோ அதனை விஞ்சியோ உணர்கொம்புகள் நீண்டிருப்பின், அது பெரும்பாலும் செரம்பிசிடே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஐயம் எழுமாயின் கண்ணை நோக்குதல் வேண்டும்: அது உட்குழிந்து உணர்கொம்பின் அடியைச் சூழ்ந்திருக்கும். கையிற் பிடித்தால் இவற்றுட் பல நெஞ்சறையை உராய்ந்து கிறீச்சிடுவதையும் கேட்கலாம்.

விறகினின்று இத்தகைய வண்டு வெளிவரக் கண்டு தளபாடங்களுக்காக அஞ்சவேண்டியதில்லை. பச்சைமரத்தில் முட்டையிடும் இனங்கள் உலர்ந்த பலகையை நாடுவதில்லை. ஸ்ரொமேற்றியம் பார்பாற்றம் போன்ற சிலவே இதற்கு விலக்கு.

தோட்டத்தில் நாம் தவறாது அறியவேண்டியது, மாவையும் பலாவையும் துளைக்கும் பற்றோசெரா ரூஃபோமக்குலாற்றா. ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளமான சாம்பற்கபில வண்டு. நெஞ்சறையின் மேல் இரு செம்மஞ்சட் புள்ளிகள், இருமருங்கும் கூரிய முட்கள். எனினும் வண்டைத் தேடிக்கொண்டிருப்பவர் மரத்தை இழப்பார். கேடு விளைவிப்பது அதன் காலற்ற வெண்குடம்பியே. அது மாதக்கணக்காகப் பட்டையின் கீழும் மரத்தினுள்ளும் சுரங்கமிட்டுச் சாற்றோட்டத்தைத் துண்டிக்கிறது. அடிமரத் துளையினின்று உதிரும் நார்கலந்த மரத்தூளே முதல் அடையாளம். அந்நிலையில் துளையினுட் கம்பியைச் செலுத்திக் குடம்பியைக் கொல்லலாம், இதற்குச் செலவில்லை. இலைகள் வாடியபின் மரத்தின் மேல் நாசினி தெளிப்பது, உள்ளிருக்கும் குடம்பியை எட்டாத வீண்செலவு.